கையடக்கக் கார்கள்: மாதிரி வண்டி செய்வது எப்படி, எதற்கு?

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தின் நிறைவில் ஆற்றிய உரை. பேசியவர் பி பிளாக் குடியிருப்பாளர்; ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உரைக்குப் பின் நடந்த கேள்வி பதிலும் சுருக்கமாகச் சேர்க்கப்பட்டுள்ளது.)



செயலாளர் எனக்கு 20 நிமிடம் கொடுத்திருக்கிறார். மாதிரிக் கார் செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார். பேச்சின் முடிவில் உங்களிடம் ஒரு கோரிக்கையும் வைக்கப் போகிறேன். அது காசு கேட்கும் கோரிக்கை இல்லை. ஆகவே பயப்படாமல் கேளுங்கள்.

மாதிரிக் கார் என்றவுடன் பலருக்குப் பொம்மைக் கார் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. பொம்மைக் கார் ஓட்டுவதற்கு. கீழே விழுந்தாலும் உடையக் கூடாது. மாதிரிக் கார் பார்ப்பதற்கு. உண்மையான வண்டியின் ஒவ்வொரு அளவையும் ஒரே எண்ணால் வகுத்துச் செய்வது. நீளத்தை 24 ஆல் வகுத்தால் கண்ணாடியையும் கைப்பிடியையும் வைப்பரையும் அதே 24 ஆல்தான் வகுக்க வேண்டும். அந்த ஒழுங்குதான் இந்தக் கலையின் உயிர்.

இது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பட்டினப்பாலையிலேயே பிள்ளைகள் விளையாடும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவத்தின் பெயரே சிறுதேர்ப் பருவம். நம் ஊரில் கோமதி அம்மன் தேரை வடம் பிடித்து இழுக்கிறோமே, அந்தத் தேரே ஓடும் கோயில்தானே? பெரிய விமானத்தைச் சக்கரத்தின் மேல் வைக்கும் அளவுக்குச் சுருக்கியிருக்கிறார்கள். ஸ்தபதிகள் தாலம், அங்குலம் என்று கணக்கு வைத்திருப்பதும் இதற்குத்தான். சிலை ஓரடி உயரமானாலும் ஒன்பதடி உயரமானாலும் முகத்துக்கும் உடம்புக்கும் உள்ள விகிதம் மாறக் கூடாது. அந்தக் கணக்கைக் காருக்குப் போடுகிறோம், அவ்வளவுதான்.

அளவுக் கணக்கு

கடையில் 1:18, 1:24, 1:43, 1:64 என்று பெட்டியில் போட்டிருக்கும். அம்பாசிடரை வைத்துக் கணக்குப் பார்ப்போம். அதன் நீளம் 4,325 மி.மீ. 1:18 அளவில் செய்தால் 24 செ.மீ., அதாவது ஒரு பள்ளிக்கூட ஸ்கேலுக்குச் சற்றுக் குறைவு. 1:24 அளவில் 18 செ.மீ. 1:43 அளவில் 10 செ.மீ. 1:64 அளவில் 7 செ.மீ.கூட வராது.

இந்த எண்கள் ஏன் இப்படி ஒழுங்கில்லாமல் இருக்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். 24 எளிது. ஓரடிக்கு அரை அங்குலம். அடிக்கணக்கு பழகியவர்களுக்கு மனத்திலேயே போடலாம். 43 வந்தது ரயிலிலிருந்து. இங்கிலாந்தில் ஹார்ன்பி பொம்மை ரயில்கள் ஓரடிக்கு 7 மி.மீ. என்ற கணக்கில் செய்யப்பட்டன. அது ஏறத்தாழ 1:43. ரயில் நிலையத்து வாசலில் நிறுத்த அதே நிறுவனம் சிறு கார்களையும் வார்த்தது. 1934 முதல் அவற்றுக்கு டிங்கி என்று பெயர். பிறகு ரயில் போனாலும் அந்த அளவு நிலைத்துவிட்டது.

1:64 பற்றி ஓர் எச்சரிக்கை. 1968 இல் வந்த ஹாட் வீல்ஸ் போன்ற சிறு கார்கள் பெரும்பாலும் அட்டைப் பெட்டிக்குள் அடங்கும் அளவுக்குச் செய்யப்படுபவை. அதனால்தான் லாரியும் குட்டிக் காரும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும். பிள்ளைகள் விளையாட அருமையானவை, அளவெடுக்க நம்பாதீர்கள். இந்தக் குட்டி வண்டிகள் பிறந்த கதையும் சுவையானது. லண்டனில் லெஸ்னி என்ற வார்ப்பு நிறுவனத்தில் இருந்த ஜாக் ஓடெல்லின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டுவர விடுவார்களாம். அப்பா ஒரு குட்டி ரோடு ரோலரைச் செய்து தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். 1953 இல் அதிலிருந்து பிறந்ததுதான் மேட்ச்பாக்ஸ். நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. டிங்கியின் பழைய அச்சுகள் 1960களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்கள் வெளிவந்தன. இங்கே யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று கிடக்கலாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

மூன்று வழிகள்

இந்தக் கலைக்குள் நுழைய மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, உலோகத்தில் வார்த்த டைகாஸ்ட் காரை வாங்கி, அதற்கு நுணுக்கம் சேர்ப்பது. கிரில்லின் பள்ளங்களில் கறுப்பு ஓட விடுவது, டயரின் பளபளப்பைக் குறைப்பது, நம்பர் பிளேட் ஒட்டுவது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடியும்.

இரண்டாவது, பிளாஸ்டிக் கிட். ஜப்பானின் தமியா, ஹசெகவா, மேல்நாட்டு ரெவெல், ஏர்ஃபிக்ஸ் போன்றவர்கள் செய்வது. பாகங்கள் சட்டத்தோடு வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து நாமே வண்டியைக் கட்ட வேண்டும். நல்ல பயிற்சி. ஆனால் இறக்குமதி என்பதால் விலை கூடுதல்.

மூன்றாவது, கிட்டே இல்லாமல் அடியிலிருந்து நாமே செய்வது. தமிழ்நாட்டில் இதற்கு ஏற்கெனவே பெரிய கூட்டம் இருக்கிறது. நம் அரசுப் பேருந்துகளையும் கரூரில் பாடி கட்டிய தனியார் பேருந்துகளையும் ஃபோம் ஷீட்டில் அச்சு அசலாகச் செய்யும் இளைஞர்களை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். 12 மீட்டர் பேருந்தை 1:24 அளவில் செய்தால் சரியாக அரை மீட்டர். கூரைமேல் ஏணி, படிக்கட்டுக் கம்பி, ஜன்னல் ஷட்டர் எல்லாம் வரும். பெரும்பாலும் ஃபோம் ஷீட், பசை, பழைய பேனா ரீஃபில், வயர் இவைதான் மூலப்பொருள். அந்தப் பிள்ளைகள் நமக்கு வழிகாட்டிகள்.

ஏன் மூன்றாவது வழி வேண்டும்? நம் வண்டிகளுக்குக் கிட் கிடைப்பதில்லை. ஃபெராரிக்கு உண்டு, போர்ஷேக்கு உண்டு. அம்பாசிடர், டாக்சி வடிவில் 1:43 டைகாஸ்டாக வந்திருக்கிறது. ஆனால் பெட்டியைத் திறந்து நாமே கட்டக்கூடிய அம்பாசிடர் கிட்டையோ மாருதி 800 கிட்டையோ நான் எந்தப் பெரிய நிறுவனத்தின் பட்டியலிலும் பார்த்ததில்லை. நம் தாத்தாவும் அப்பாவும் ஏறிய வண்டியை நாம் செய்தால்தான் உண்டு.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற கார் 1961 முதல் சென்னையில் தயாரானது. இங்கே மூத்தவர்கள் சிலர் அதில் போயிருப்பீர்கள். அதன் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டுக்கு ஏர்ஃபிக்ஸ் 1:32 அளவில் கிட் போட்டிருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் அது இரண்டு கதவு வண்டி. 1968 இல் நான்கு கதவு ஹெரால்டு வந்தது இந்தியாவில் மட்டும்தான். கிட்டை வாங்கி அப்படியே கட்டினால் அது லண்டன் ஹெரால்டு. மெட்ராஸ் ஹெரால்டு வேண்டுமென்றால் கதவுக் கோட்டை அடைத்து, புதுக்கோடு கீற வேண்டும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்து செய்பவரைத்தான் மாதிரிக் கலைஞர் என்கிறோம்.

நுணுக்கம் என்றால் என்ன?

சிறு வண்டி பொம்மையாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் பெயிண்டின் தடிமன். உண்மையான காரில் பெயிண்டின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. அதே தடிமனை 1:24 மாதிரியின் மேல் பூசினால், உண்மைக் காரில் 2.4 மி.மீ. பூசியதற்குச் சமம். சுவருக்குச் சாந்து பூசியது போல ஆகிவிடும். காரின் கதவு இடைவெளி சுமார் 5 மி.மீ. என்று வையுங்கள். மாதிரியில் அது 0.2 மி.மீ. இரண்டு ஓரத்திலும் 0.1 மி.மீ. பெயிண்ட் ஏறினால் இடைவெளியே அடைந்துபோகும். கதவு எங்கே என்று தேட வேண்டியதுதான். அதனால் பெயிண்டைப் பால் பதத்துக்கு நீர்த்து, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை அடிக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காயும்வரை பொறுக்க வேண்டும். பொறுமை என்று இந்தக் கலையில் சொல்வது பெரும்பாலும் இந்தக் காயும் நேரத்தைத்தான்.

அடுத்தது பளபளப்பு. காரின் உடல் பளபளக்கலாம். டயர் பளபளக்கக் கூடாது, சீட் பளபளக்கக் கூடாது, அடிப்பாகம் பளபளக்கவே கூடாது. எல்லாம் ஒரே மினுமினுப்பில் இருந்தால் கண் உடனே இது பொம்மை என்று சொல்லிவிடும்.

மூன்றாவது அழுக்கு. அழுக்கை எங்கு வேண்டுமானாலும் பூசக் கூடாது. சக்கரம் சுற்றும்போது மண் எங்கே தெறிக்குமோ அங்கேதான்: சக்கர வளைவுக்குப் பின்னால், கதவின் கீழ் ஓரம், பின் பம்பர். நம் பக்கம் கரிசலில் ஓடிய வண்டிக்கும் செம்மண் பக்கம் ஓடிய வண்டிக்கும் நிறம் வேறு. சாக்பீஸைப் பொடித்து உலர்ந்த பிரஷ்ஷால் தடவினால் புழுதி தயார். கூரை மேல் கேரியர் வைத்து, கல்யாணத்துக்குப் போன வண்டி மாதிரி ஓரிரு சுருக்குப் பைகளும் கட்டினால், பார்ப்பவர்கள் கதை கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நம்பர் பிளேட்டில் பலர் கோட்டை விடுவார்கள். சங்கரன்கோவில் வண்டி என்றால் டி.என். 79. சொந்த வண்டிக்கு வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் பட்டையில் கறுப்பு எழுத்து. ஆனால் 1970 மாடல் என்று சொல்லிவிட்டு டி.என். 79 போட்டால் காலம் ஒட்டாது. இப்போதைய எண் முறை அதற்கு வெகு பின்னால் வந்தது. அதேபோல அம்பாசிடரின் முகமும் காலத்துக்குக் காலம் மாறியது. மார்க் 2 வந்தது 1962 இல், மார்க் 3 வந்தது 1975 இல், மார்க் 4 வந்தது 1979 இல். கிரில்லைப் பார்த்தாலே விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். எந்த ஆண்டு வண்டி செய்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மூலப்பொருளுக்கு நம் ஊரே போதும்

இது நெசவு ஊர். நூலுக்குப் பஞ்சம் இல்லை. காரின் ஸ்பார்க் பிளக் வயர் சுமார் 8 மி.மீ. தடிமன்; 1:24 இல் அது மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு. தையல் நூலை ஃபெவிக்காலில் தோய்த்து நீட்டிக் காயவிட்டால் அந்த வயர் தயார். சீட் உறைக்கு மெல்லிய துணி வெட்டு. தரைவிரிப்புக்கு வெல்வெட் துண்டு.

ஹெட்லைட்டுக்கு நான் காட்டும் வித்தை இதோ. அம்பாசிடரின் வட்ட ஹெட்லைட் 7 அங்குலம், அதாவது 178 மி.மீ. 24 ஆல் வகுத்தால் ஏழரை மி.மீ. இப்போது உங்கள் வீட்டு மாத்திரை அட்டையைப் பாருங்கள். சிறு மாத்திரை இருந்த கண்ணாடிக் குமிழ் ஏறக்குறைய அதே அளவு. கவனமாக வெட்டி எடுத்தால் அசல் ஹெட்லைட் கண்ணாடி. நம்மில் பலருக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை உண்டு; ஆகவே ஹெட்லைட் தட்டுப்பாடு இந்தக் குடியிருப்பில் என்றைக்கும் வராது.

ஜன்னல் கண்ணாடிக்குப் புதுச் சட்டைப் பெட்டியின் கண்ணாடி மூடி. குரோம் பட்டைக்குச் சமையலறை அலுமினியம் ஃபாயில். உடலுக்கு சன்போர்டு எனப்படும் கெட்டி ஃபோம் ஷீட். விளம்பரப் பலகை செய்யும் கடையில் வெட்டு மிச்சமே கிடைக்கும். மேடு பள்ளத்தை நிரப்பக் கார் பெயிண்ட் கடையில் விற்கும் புட்டி. தேய்க்க வாட்டர் பேப்பர்: 220, 400, 800, 1200 என்று படிப்படியாக. சன்போர்டில் தொடங்கும் ஒருவர் முதல் வண்டியை, நம் ஊர்ப் பிரியாணிக் கடையில் நான்கு பேர் சாப்பிடும் செலவுக்குள் முடித்துவிடலாம்.

அபார்ட்மெண்டில் இருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது

இதைச் சொல்லாமல் விட்டால் செயலாளருக்குப் புகார் வரும். ஐந்து விதிகள்.

ஒன்று: தின்னர் வாசனை வெறும் வாசனை இல்லை, உடம்புக்குக் கெடுதல். ஸ்ப்ரே வேலை வீட்டுக்குள் கூடாது. மொட்டை மாடியில், காற்றுப் போக்குப் பார்த்து. நாம் கொரோனாவுக்குப் போட்ட முகக்கவசம் தூசியைத் தடுக்கும். தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும்.

இரண்டு: தின்னர் டப்பாவைச் சமையலறையிலோ பூஜை விளக்கு அருகிலோ வைக்காதீர்கள். ஆவியே தீப்பிடிக்கும். மிச்சத்தை சிங்க்கில் ஊற்றாதீர்கள். அது நம் கழிவுநீர்த் தொட்டிக்குத்தான் வரும்.

மூன்று: பிள்ளைகளுக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட் மட்டும்.

நான்கு: ஃபெவிக்விக் வகைப் பசை கைக்குழந்தை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கார் கண்ணாடி ஒட்டவும் அதைப் பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். அங்கே வெள்ளை ஃபெவிக்கால் போதும்.

ஐந்து: நாள் பார்த்து அடியுங்கள். ஐப்பசி மழை நாளில் ஸ்ப்ரே அடித்தால் ஈரம் சேர்ந்து பெயிண்ட் வெளுத்துப் போகும். ஆடியில் அம்மியே பறக்கும் காற்று. ஊர்ப் புழுதியெல்லாம் உங்கள் காரில் ஒட்டிக்கொள்ளும். தை, மாசி காலை நேரம் உத்தமம்.

இப்போது என் கோரிக்கை

நம் பார்க்கிங்கில் தூணுக்கு அருகே தார்ப்பாய் போர்த்திய வண்டி ஒன்று நிற்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஏ பிளாக் அண்ணாச்சியின் அம்பாசிடர். பிள்ளைகள் அதன் பின்னால் ஒளிந்து விளையாடுகிறார்கள். இன்று காலையில்கூட அந்த இடத்தைக் காலி செய்வது பற்றிப் பேச்சு வந்தது. சொந்தக் காருக்கு 15 ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். அண்ணாச்சி வண்டியைக் கொடுத்துவிட முடிவு செய்துவிட்டார். அது அவர் உரிமை. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பார்க்கிங் இடம் எத்தனை பேருக்குத் தேவை என்பதும் எனக்குத் தெரியும்.

நான் கேட்பது இரண்டு ஞாயிற்றுக்கிழமை. வண்டி போவதற்கு முன்னால், அண்ணாச்சியின் அனுமதியோடு, அதை முழுமையாக அளந்து வைத்துக்கொள்வோம்.

எதற்கு என்று கேட்பீர்கள். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வடிவத்தில் 1957 இல் உத்தர்பாராவில் தொடங்கிய அம்பாசிடர், 2014 மே மாதம் நின்றது. 2017 இல் அதன் பெயரை மட்டும் பிரெஞ்சு நிறுவனமான பியூஜோவுக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். ராஜாக்களின் கார்கள் அருங்காட்சியகத்துக்குப் போகும். கோவை அவிநாசி சாலையில் 2015 இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஜி.டி. நாயுடு குடும்பத்தார் எத்தனை அருமையான வண்டிகளைக் காத்து வைத்திருக்கிறார்கள் என்று. கண்டிப்பாகப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஆனால் அங்கே போக முடியாத வண்டிகள் கோடிக்கணக்கில் உள்ளன. பிரசவத்துக்கு அழைத்துப் போன வாடகைக் கார், ஏழு பேர் நெருக்கி உட்கார்ந்து குற்றாலம் போன வண்டி, முன் சீட்டில் கியர் தண்டுக்கு இடம் விட்டு மூன்றாவது ஆளாக உட்கார்ந்து போன வண்டி. இவற்றின் டேஷ்போர்டில் ஒட்டிய சாமி படம், தைத்துப் போட்ட சீட் உறை, டிரைவர் தானே மாட்டிய கூடுதல் விளக்கு இவையெல்லாம் கம்பெனிக் கையேட்டில் இருக்காது. வண்டி உடைந்தால் அதோடு போய்விடும்.

அளப்பது கடினமான வேலை இல்லை. தார்ப்பாயை எடுத்து, வண்டியைக் கழுவி, சமதளத்தில் நிறுத்த வேண்டும். முதலில் பெரிய அளவுகள்: நீளம், அகலம் 1,662 மி.மீ., உயரம் 1,593 மி.மீ., முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை 2,464 மி.மீ. இவை புத்தக அளவுகள். நம் டேப்பில் என்ன வருகிறது என்று பார்ப்போம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் உயரம் குறையும். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு புகைப்படம். பக்கத்தில் நின்று எடுத்தால் முன்பக்கம் உப்பி, பின்பக்கம் சிறுத்துத் தெரியும். குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து, சக்கர உயரத்தில் கேமராவைப் பிடித்து, நேர் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். அந்தப் படத்தை அச்சிடும்போது இரண்டு சக்கர மையங்களுக்கும் இடையே 102.7 மி.மீ. வரும்படி அளவை மாற்றினால், அதுவே 1:24 வரைபடம். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார்கள்.

வளைவுகளுக்குத்தான் பெரியவர்கள் வேண்டும். அம்பாசிடரில் நேர்கோடு குறைவு. எல்லாம் குண்டு குண்டான வளைவு. பானெட்டின் குறுக்கே அட்டையை வைத்து, வளைவுக்கு ஏற்ப வெட்டி வெட்டிப் பொருத்தி எடுக்க வேண்டும். தையல் தெரிந்த தாய்மார்கள் ரவிக்கைக்குக் கழுத்து வெட்டும் அதே கைப்பழக்கம்தான். இப்படி முன்னிருந்து பின்வரை 12 இடத்தில் அட்டை எடுத்தால், அவற்றைச் சுருக்கி வரைந்து, சன்போர்டில் வெட்டி வரிசையாக நிறுத்தி, இடையில் நிரப்பித் தேய்த்தால் வண்டியின் உடல் வந்துவிடும்.

முடிவில் 18 செ.மீ. நீளத்தில் அண்ணாச்சியின் வண்டி, அதே நம்பரோடு, அதே சீட் உறை நிறத்தோடு, நம் சங்க அலுவலக அலமாரியில் நிற்கும். வரைபடமும் அளவுகளும் ஒரு ஃபைலில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்து இன்னொன்று செய்யலாம். அடுத்து யார் வீட்டு மாருதி 800 போகிறதோ, அதற்கும் இதே முறை. பார்க்கிங்கில் இடம் காலியாகும். வண்டியும் முழுக்கப் போய்விடாது. இரு பக்கமும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

 கேள்வி இருந்தால் கேளுங்கள்.

கேள்வி பதில்

சி பிளாக் அக்கா ஒருவர்: போனைக் கீழே வைக்காத பிள்ளைகள் இதில் உட்காருவார்களா?

பதில்: எல்லாப் பிள்ளைகளும் உட்கார மாட்டார்கள் அக்கா. பத்துப் பேர் வந்தால் இரண்டு மூன்று பேர் நிலைப்பார்கள். போனுக்குப் பதிலாக இது என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். தண்டனை போல ஆகிவிடும். போனையே அளவெடுக்கவும் படம் எடுக்கவும் பயன்படுத்தச் சொல்லுங்கள். பிளேடு வேலை 12 வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

டி பிளாக் தம்பி: இப்போதுதான் 3டி பிரிண்டர் இருக்கிறதே மாமா, கையால் எதற்கு?

பதில்: நல்ல கேள்வி தம்பி. பிரிண்டர் வந்தது நல்லதுதான். கிரில், சக்கர வட்டம் போன்றவற்றை அதில் எடுக்கலாம். ஆனால் பிரிண்டருக்கும் யாராவது அளந்து கொடுக்க வேண்டுமே. அந்த அளவுக்குத்தான் இப்போது அவசரம். பிரிண்டர் அடுத்த வருடமும் இருக்கும், வண்டி இருக்காது. நீ வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பை எடுத்துக்கொள்.

ஏ பிளாக் பெரியவர்: கை நடுங்குகிறது. என்னால் முடியுமா?

பதில்: முடியும் ஐயா. இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, பிரஷ்ஷைப் பிடித்த கையின் சுண்டுவிரலை மற்றக் கையில் முட்டுக் கொடுத்தால் நடுக்கம் பாதி குறையும். 1:64 வேண்டாம், 1:18 எடுங்கள். தேய்க்கும் வேலைக்கு நடுக்கம் ஒரு பொருட்டே இல்லை. அதைவிட, இந்த வண்டிகளை ஓட்டியவர் நீங்கள். எந்த வருடத்தில் எந்த நிறம் வந்தது, கேரியரில் கயிறு எப்படிக் கட்டுவார்கள் என்று சொல்ல எங்களுக்கு நீங்கள் வேண்டும்.

பொருளாளர்: சங்கத்துக்குச் செலவு உண்டா?

பதில்: ஓர் அலமாரித் தட்டும், இரண்டு ஞாயிறு காலை பார்க்கிங்கில் சற்றுப் பொறுமையும். வேறொன்றும் இல்லை. வணக்கம்.

(செய்திமடல் குழுவின் குறிப்பு: ஏ பிளாக் அண்ணாச்சி கூட்டத்திலேயே சம்மதம் தெரிவித்தார். ‘சாவி என்னிடம் இருக்கிறது, டேப் நீங்கள் கொண்டுவாருங்கள்’ என்றார். அளவெடுக்கும் பணி அடுத்த மாதம் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 7 மணி முதல் 9 மணி வரை. அந்த நேரத்தில் தூண் அருகே வண்டி நிறுத்துபவர்கள் தயவுசெய்து வாசல் பக்கம் நிறுத்தி ஒத்துழைக்கவும். பழைய சட்டைப் பெட்டி மூடிகளையும் காலி மாத்திரை அட்டைகளையும் காவலாளி அறையில் உள்ள பெட்டியில் போடலாம்.)